அயலவர் ஆடும் அரங்கு: திருகோணமலையின் சமுதாய நாடக முயற்சிகளுக்குப் பின்னால் இருப்பவை

திருகோணமலையில் சமுதாய அரங்கு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வீதி நாடகம்தான். சந்தைக்கு அருகிலோ பிரதேச செயலகத்தின் முற்றத்திலோ பதாகை ஒன்றைக் கட்டி, ஒரே நிறத்தில் ரீசேட் அணிந்த இளைஞர்கள் 20 நிமிடங்கள் ஆடி, டெங்கு ஒழிப்பைப் பற்றியோ சிறுவர் உரிமையைப் பற்றியோ நான்கு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு வாகனம் ஏறுவார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்கள் கரையோரம் முழுவதும் வேலை செய்த ஆண்டுகளில் இந்த வடிவம் வேகமாகப் பரவியது. அதற்கு ஒரு தேவையும் இருந்தது. மிதிவெடி அபாயத்தையும் குடிநீர்ச் சுத்தத்தையும் பற்றி விரைவாகச் சொல்லவேண்டிய காலம் அது. ஆனால் இந்தக் கட்டுரை பேச முனைவது வேறொரு முயற்சியைப் பற்றியது. ஓர் ஊரின் கலைஞர்களும், நாடகம் என்று எதையும் முன்பு ஆடியிராத அயலவர்களும் ஒன்றுகூடி, தங்கள் கதையைத் தாங்களே தெரிவு செய்து, பல கிழமைகள் ஒத்திகை பார்த்து, தங்கள் முற்றத்திலேயே ஆடும் அரங்கு அது. அதன் உயிர் ஆற்றுகை நடக்கும் அந்த ஓரிரவில் இருப்பதைவிட, அதற்கு முன்னால் நீளும் ஒத்திகைக் காலத்திலேயே அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. இதைப் புரிந்துகொள்ளாமல் இம்முயற்சிகளை மதிப்பிடுபவர்கள், பார்வையாளர் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் வெளியிலிருந்து வந்ததன்று. கிழக்கிலங்கையின் கூத்து மரபு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. மட்டக்களப்பைப்போல அத்தனை அடர்த்தியாக இல்லாவிட்டாலும், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, தம்பலகாமம் ஆகிய பகுதிகளிலும் கூத்து ஆடப்பட்டு வந்திருக்கிறது. ஓர் ஊரில் கூத்துப் பழகத் தீர்மானித்தால், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை அழைத்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்து, பாடல்களையும் வசனங்களையும் எழுதிக் கொடுக்கும் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். அதன்பின் வயல் வேலையும் கடல் வேலையும் முடிந்த இரவுகளில், மாதக்கணக்காகப் பழக்கம் நடைபெறும். சதங்கை அணியும் நாள் தனியொரு விழா. கூத்து முழுவதையும் ஒருமுறை ஆடிப்பார்க்கும் 'அடுக்குப் பார்ப்பது' இன்னொன்று. இவையெல்லாம் முடிந்த பிறகே அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் அது முடிவதில்லை. கூத்தர்கள் வீடுவீடாகச் சென்று ஆடுவார்கள், வீட்டார் தம்மாலானதைக் கொடுப்பார்கள். ஆடுகளமான களரி வட்டமானது, பார்ப்பவர்கள் நாற்புறமும் இருப்பார்கள். அரங்கேற்ற நாள் வருவதற்குள் அந்த ஊரின் பிள்ளைகளுக்குக்கூடத் தரு, விருத்தம் என்னும் கூத்துப் பாடல்கள் பாதி மனப்பாடமாகிவிடும். யார் எந்த இடத்தில் தாளம் தவறுகிறார் என்பது பார்க்கவரும் பெண்களுக்கும் தெரியும். பார்வையாளரை நாடகத்தில் பங்கேற்கச் செய்வது எப்படி என்று இன்றைய பட்டறைகளில் கேட்கப்படும் கேள்விக்கு, மாதக்கணக்கில் நடக்கும் பழக்கத்தின் வழியாக இந்த மரபு ஏற்கெனவே ஒரு விடையைத் தந்திருந்தது.

இந்த மரபின்மேல் நவீன காலத்தில் இரண்டு பெரிய பரிசோதனைகள் நிகழ்ந்தன. இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சென்றன. முதலாவது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செய்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபு நாடகத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்து பெற்ற வெற்றி, தமிழிலும் அவ்வாறு செய்யலாம் என்ற நம்பிக்கையைத் தந்திருந்தது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை வித்தியானந்தன் ஒன்றிரண்டு மணித்தியாலங்களுக்குள் சுருக்கி, ஒளியமைப்போடு முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஏற்றி, பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்தார். 'இராவணேசன்' போன்ற ஆற்றுகைகள் அவ்வாறு உருவானவை. கிராமத்தவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த கூத்துக்குப் படித்தவர்களிடையே மரியாதை கிடைத்தது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கூத்து அந்தப் பயணத்தில் ஊரைவிட்டு வெளியே வந்தது என்பதும் உண்மை.

இரண்டாவது பரிசோதனை அதை மீண்டும் ஊருக்குள் கொண்டுபோனது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மட்டக்களப்பின் 'மூன்றாவது கண்' குழுவினரும் சீலாமுனைக் கிராமத்தில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் அது. கூத்தை மேடைக்கேற்பச் சுருக்குவதற்குப் பதிலாக, அதை ஆடிவரும் மக்களோடு சேர்ந்திருந்து, கூத்துப் பிரதியில் சாதியையும் பெண்களையும் பற்றி என்ன சொல்லப்படுகிறது, அதை இன்று அப்படியே ஆடலாமா, மாற்றுவதென்றால் யார் மாற்றுவது என்பனவற்றை அண்ணாவியாரும் கூத்தரும் ஊராரும் பேசித் தீர்க்கும் முறை அது. கூத்து மரபைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விடயத்தை இங்கே சொல்லியாக வேண்டும்: அந்த மரபில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர், யார் ஆடலாம், யார் எங்கே அமரலாம் என்பதில் சாதி நுழைந்திருந்தது. ஊர் கூடிச் செய்தது என்பதாலேயே ஒன்று அனைவருக்கும் உரியதாகிவிடாது. மீளுருவாக்கம் இதை மறைக்காமல், ஒத்திகைக் களத்திலேயே விவாதப் பொருளாக்கியது. திருகோணமலையில் இன்று அயலவரோடு சேர்ந்து நாடகம் செய்ய விரும்பும் எவருக்கும் மிக அருகில் கிடைக்கும் முன்னுதாரணம் இதுவே.

உலகின் பிற இடங்களிலும் இதே தேடல் நடந்தது. பிரேசிலின் ஒகஸ்ரோ போல் 1970களில் வடிவமைத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கு, குறிப்பாகப் பார்ப்பவரும் எழுந்துவந்து நடிக்கும் அதன் மன்ற அரங்கு முறை, இலங்கையில் பலராலும் பயன்படுத்தப்படுகிறது. கென்யாவின் கமிரீத்து கிராமத்தில் 1977இல் விவசாயிகளும் தொழிலாளர்களும் திறந்தவெளி அரங்கொன்றைத் தாங்களே கட்டி, ஒத்திகைகளை ஊருக்கு முன்னால் நடத்தினர். ஊரார் வந்து பார்த்து வசனங்களைத் திருத்தினர். அந்த நாடகம் தடைசெய்யப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரான கூகி வா தியாங்கோ சிறையிலடைக்கப்பட்டார். 1982இல் அரங்கும் இடித்துத் தள்ளப்பட்டது. இலங்கையில் காமினி ஹத்தொட்டுவேகம 1974இலிருந்து சிங்கள வீதி நாடகத்தை வளர்த்தார். யாழ்ப்பாணத்தில் 1978இல் தொடங்கப்பட்ட நாடக அரங்கக் கல்லூரி ஒரு தலைமுறை நடிகர்களைப் பயிற்றியது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊர்ஊராகச் சென்றது. பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய 'மக்கள் களரி' சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒன்றாகத் தங்கவைத்து, கழற்றிப் பூட்டக்கூடிய நடமாடும் அரங்கோடு நாட்டைச் சுற்றியது. இருமொழி நடிகர்கள் ஒரே இடத்தில் உண்டு உறங்கி ஒருவர் மொழியை மற்றவர் கற்ற அந்த அனுபவம், திருகோணமலை போன்றதொரு மாவட்டத்துக்கு மிகவும் பொருத்தமானது.

ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அயலவர் என்பவர் யார் என்பதே எளிதான கேள்வியாக இல்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம். அதில் 40 சதவீதமளவில் முஸ்லிம்கள், 30 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட தமிழர், கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட சிங்களவர். மூவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள், ஒரே வைத்தியசாலையில் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் மாலையானால் அவரவர் குடியிருப்புக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளில் படிக்கிறார்கள். ஆகவே ஒத்திகைக்கு இடம் பார்ப்பதே முதலாவது நாடகச் சிக்கலாகிறது. கோயில் மண்டபத்தில் வைத்தால் முஸ்லிம் பெண்கள் வரத் தயங்குவார்கள். பள்ளிவாசலை அண்டிய மண்டபத்தில் வைத்தால் அங்கே பாட்டும் மத்தளமும் பொருந்தா. பாடசாலையில் வைத்தால் அது மாணவர் நிகழ்ச்சியாகிவிடும். டச்சுக்குடாக் கடற்கரை எல்லோருக்கும் பொதுவான இடமாகத் தோன்றும். மாலையில் கடலை வண்டிகளும் காற்று வாங்க வந்த குடும்பங்களுமாக அது நிறைந்திருக்கும். ஆயினும் 2006 ஜனவரி 2ஆம் திகதி 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தக் கடற்கரையில்தான். இந்த நகரத்தில் ஒரு வெளியைத் தெரிவு செய்யும் நெறியாளர், அந்த வெளி யாருக்கு எதை நினைவூட்டும் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

கதையைத் தெரிவு செய்வதில் இது இன்னும் கடினமாகிறது. 2006ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவோம் என்று ஒரு குழு தீர்மானித்தால், சம்பூரைச் சேர்ந்தவர்கள் ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சையும், அதன்பின் முகாம்களில் கழிந்த ஆண்டுகளையும் சொல்வார்கள். அவர்களில் பலருக்குச் சொந்தக் காணிக்குத் திரும்பும் வழி 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே திறந்தது. மூதூர் முஸ்லிம்கள் அதே ஆண்டு ஓகஸ்டில் ஊரைவிட்டுக் கந்தளாய்க்கு ஓடியதைச் சொல்வார்கள். சில கிலோமீற்றர் இடைவெளியில் வாழும் இரு சாராரும் ஒரே ஆண்டில் இடம்பெயர்ந்தனர். ஆனால் ஒருவர் கதையில் மற்றவர் பெரும்பாலும் வருவதில்லை. முதல் கிழமையிலேயே இரண்டையும் ஒரே களத்தில் வைத்தால், யார் அதிகம் இழந்தார் என்ற கணக்கெடுப்பாக அது முடிந்துவிடும். அனுபவமுள்ள நெறியாளர்கள் கடலிலிருந்து தொடங்குவார்கள். சுனாமி எல்லோரையும் அடித்தது. மீன் எல்லோருக்கும் குறைகிறது. பொதுவான அனுபவத்தில் உடம்பும் குரலும் பழகி, ஒருவர் மற்றவரது தாயாகவும் மகனாகவும் நடித்து முடித்த பிறகே, பிரிந்து கிடக்கும் நினைவுகளைத் தொடுவார்கள். சில குழுக்கள் அந்த இரண்டாவது கட்டத்துக்குப் போவதேயில்லை. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு, எதைப் பேசாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் இருக்க வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. சிறிய ஊரில் ஒருவரது கதையைப் பெயர் மாற்றி ஆடினாலும் அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் வட்டத்தில் அமர்ந்து சொன்னது, அவருடைய அனுமதி இல்லாமல் வசனமாகக் கூடாது. அனுமதி தந்தவர் ஆற்றுகைக்கு முதல்நாள் மனம் மாறினால், அந்தக் காட்சியை எடுத்துவிடவேண்டும். காட்சி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் இதில் விலக்கு இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

கலைஞருக்கும் அயலவருக்கும் இடையில் என்ன பரிமாறப்படுகிறது என்பதை ஒத்திகையில்தான் காணமுடியும். உப்புவெளிப் பக்கம் நான் பார்த்த ஒத்திகையொன்றில், கரைவலை இழுக்கும் காட்சியைப் பயிற்சி பெற்ற நடிகர்கள் சிலர் அமைத்திருந்தார்கள். கயிறு இல்லாமலே கயிறு இருப்பதாகக் காட்டும் பாவனை. கைகளும் தோள்களும் முறுகி, முகங்களில் பெருஞ்சிரமம். சுவரோரம் அமர்ந்திருந்த வயதான கடற்றொழிலாளர் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "தம்பி, கையால இழுத்தா அரை மணித்தியாலத்தில கை விட்டிரும். குதிய மண்ணுக்குள்ள ஊண்டுங்கோ. உடம்பப் பின்னுக்குச் சாயுங்கோ. பாரத்தப் பாட்டு இழுக்கும்" என்றார். பிறகு வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் ஓர் அடியை அவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். சற்று நேரத்தில் முகங்களில் இருந்த சிரமம் மறைந்து, எல்லோருடைய பின்காலும் ஒரே கணத்தில் நிலத்தை அழுத்தத் தொடங்கியது. அதன்பின் அந்தக் காட்சியை நெறிப்படுத்தியவர் அவர்தான். அண்ணாவியாருக்கு ஊர் தந்த இடத்தை ஒரு கடற்றொழிலாளர் அந்த மாலையில் பெற்றார். பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற இளைஞர் ஒரு பக்கம் நின்று கற்றுக்கொண்டார். இத்தகைய இடமாற்றம் நடக்காத முயற்சியில், அயலவர் வெறும் கூட்டக் காட்சிக்கு நிறுத்தப்பட்டவர்களாகவே இருப்பார்கள்.

மன்ற அரங்கு இதே இடமாற்றத்தைப் பார்வையாளர் பக்கத்தில் நிகழ்த்துகிறது. அதன் இயக்கம் எளிது: தீர்வில்லாமல் முடியும் சிறுநாடகம் ஒன்றை முதலில் முழுமையாக ஆடிக் காட்டுவார்கள், பின்னர் அதையே மீண்டும் தொடங்குவார்கள். இம்முறை பார்ப்பவர்களில் எவரும் "நிற்பாட்டுங்கோ" என்று சொல்லி எழுந்துவந்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறுவிதமாக நடந்துகொள்ளலாம். கிழக்கில் பெண்களை வாட்டும் நுண்கடன் இதற்கு மிகவும் ஏற்ற கருப்பொருள். கிழமைதோறும் தவணை கேட்டு வரும் உத்தியோகத்தர், வீட்டின் பின்பக்கம் ஒளிந்துகொள்ளும் பெண், தாங்களும் சேர்ந்து கட்டவேண்டி வரும் என்ற பயத்தில் அவளைக் காட்டிக்கொடுக்கும் அதே கடன் குழுப் பெண்கள் என்று காட்சி போகும். முதலில் யாராவது ஓர் ஆண் அமர்ந்த இடத்திலிருந்தே "பொலிசில சொல்லலாமே" என்பார். நடத்துநர் "ஐயா, இங்க வந்து செய்து காட்டுங்கோ" என்பார். வந்து நின்று முயன்ற பிறகு, அந்தக் கதவருகில் நிற்பது எவ்வளவு கடினம் என்பது அவருக்கு விளங்கும். பிறகு வயதான பெண்ணொருவர் வருவார்; ஒளிந்திருப்பவளைப் பார்த்து, "மகள், வெளிய வா, நான் பக்கத்தில நிக்கிறன்" என்பார். உத்தியோகத்தரோடு பேசுவதற்கு முன் மற்றக் குழுப் பெண்களோடு பேசவேண்டும் என்ற வழி அங்கேதான் பிறக்கும். நடத்துநர் எந்த விடையையும் சரி என்று முத்திரை குத்துவதில்லை. விழிப்புணர்வு வீதி நாடகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் இடத்தில் தெளிவாகிறது.

இந்த வடிவத்துக்குச் சட்டம் சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. இலங்கையில் மேடையேற்றப்படும் நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெறும் நடைமுறை, பகிரங்க ஆற்றுகைகள் பற்றிய 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. மன்ற அரங்கில் பாதி நாடகத்தைப் பார்வையாளர்தான் ஆக்குகிறார்; அதற்கு முன்கூட்டிய பிரதி இருக்க முடியாது. அதோடு வடக்கு கிழக்கில் பலர் கூடினால் "என்ன கூட்டம், யார் ஒழுங்கு செய்தது" என்ற விசாரிப்பு வருவதும் வழக்கம். எனவே பல குழுக்கள் ஆற்றுகை, நாடகம் என்ற பெயர்களைத் தவிர்த்து, பயிற்சி என்றோ கலாசார நிகழ்வு என்றோ கடிதம் எழுதி, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தருக்கும் முன்பே சொல்லிவைத்துத் தொடங்குகின்றன. இது அவர்களைக் காப்பாற்றுகிறது. அதேவேளை, எதைச் சொல்லலாம் என்ற எல்லையை அவர்கள் தங்களுக்குள்ளேயே முன்கூட்டிப் போட்டுக்கொள்ளவும் செய்கிறது.

நேரமும் பயணமும் சிறிய விடயங்கள்போலத் தோன்றினாலும், யார் நடிக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பவை அவையே. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வருவதென்றால் படகுப் பாதையை நம்பியிருக்க வேண்டும். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வந்தபின் இரு கரைகளையும் சேர்ந்த இளைஞர்கள் ஒரே ஒத்திகைக்கு வருவது எளிதானது. ஆனாலும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்தே ஒத்திகை முடிகிறது. பெண்களுக்கு அது மேலும் குறுகும். இரவில் பழகும் கூத்து மரபின் நேர ஒழுங்கு அவர்களுக்கு ஒத்துவராது; பிற்பகல் என்றால் வேலைக்குப் போகும் ஆண்கள் வரமாட்டார்கள். சில குழுக்கள் பெண்களின் ஒத்திகையை வீட்டு முற்றங்களிலேயே வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரையும் ஒன்றுசேர்க்கின்றன. முற்றத்தில் வைப்பதால் மாமியாரும் பக்கத்து வீட்டாரும் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள்; நாடகம் என்றால் என்ன செய்கிறார்கள் என்ற சந்தேகமும் குறைகிறது.

உள்ளூர்க் கலைஞர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். நாடகமும் அரங்கியலும் இலங்கைப் பாடசாலைகளில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். அதைத் தொடர்ந்து படிக்க விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகள் பலர் மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துக்குச் செல்கிறார்கள். பட்டம் பெற்றுத் திரும்பியவர்களில் அதிகமானோர் ஆசிரியராகிறார்கள். அவர்களுடைய உழைப்பின் பெரும்பகுதி பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்மொழித் தினப் போட்டி நாடகங்களுக்குப் போய்விடுகிறது. போட்டி நாடகத்துக்கு நேர எல்லை உண்டு, முன்வரிசையில் நடுவர்கள் உண்டு. முகம் எப்போதும் முன்பக்கம் நோக்கியிருக்கவேண்டும் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். வட்டக் களரியில் நாற்புறமும் அயலவர் அமர்ந்திருக்கும்போது அந்தப் பழக்கத்தை மறப்பதற்கே ஒரு கிழமை பிடிக்கிறது. மறுபக்கத்தில், கூத்தும் வசந்தன் ஆட்டமும் தெரிந்த முதியவர்களும், முஸ்லிம் ஊர்களில் களிகம்பு, பொல்லடி ஆகிய கோலாட்டங்கள் தெரிந்தவர்களும், பிரதேச இலக்கிய விழாவில் பொன்னாடை பெறுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆசிரியரையும் இவர்களையும் ஒரே களத்தில் மூன்று மாதமாவது வைத்திருக்கும் ஏற்பாடு இந்த மாவட்டத்துக்கு அவசரமாகத் தேவை, வயதானவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே முயற்சிகளின் நீளத்தை முடிவு செய்கிறது. நிதி தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு நிதியாண்டுக்குள் ஆற்றுகையையும் அறிக்கையையும் எதிர்பார்க்கின்றன. பதாகை, ஒலிபெருக்கி, மேடை, படப்பிடிப்பு என்பவற்றுக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைக்கிறது. பிள்ளை வைத்திருக்கும் தாய்மாருக்காக ஒத்திகையின்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும், கடலுக்குப் போகாமல் வந்தவரின் ஒருநாள் உழைப்புக்கும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களை வீட்டில் விடும் முச்சக்கர வண்டிக்கும் இடம் கிடைப்பது அரிது. கூத்தில் அரங்கேற்றத்துக்குப் பின் வீடுவீடாகச் சென்று ஆடியதால், களரிக்கு வரமுடியாத முதியவரும் நோயாளியும் அதைக் கண்டனர். வீட்டாரின் விமர்சனமும் கூத்தருக்குக் கிடைத்தது. இன்றைய திட்டங்களில் அந்தக் கட்டம் முற்றாக இல்லை. ஆற்றுகை முடிந்த மறுநாள் நெறியாளர் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுகிறார். நுண்கடன் காட்சியில் எழுந்து நின்ற பெண் அடுத்த கிழமை உண்மையான உத்தியோகத்தரைத் தனியே சந்திக்கிறாள். ஆற்றுகைக்குப் பின்னரும் சில மாதங்கள் அதே குழு அதே முற்றங்களுக்குத் திரும்பிச் செல்வதற்கான செலவை, திட்ட முன்மொழிவின் முதற்பக்கத்திலேயே எழுதிவைக்கும் முயற்சிகளை நான் இன்னும் மிகக் குறைவாகவே காண்கிறேன்.